அப்பா எறங்கினாத்தான்

அன்பு மகள் துளசிக்கு,

அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லையடி. போனில் சொன்னால் உன் தாத்தா காதில் விழும். அதனால்தான் தாளில் எழுதி, உன் தங்கை சாந்தினியைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன்.

பத்து நாள் மழையில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மேடு வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் என் கையே போகிறது. மண் சரியுமுன், சனிக்கிழமைக்குள் திரிங்காப் டவுனில் கொடுத்திருக்கும் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தோட்ட மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற வீடுகள் காலி. நாங்கள்தான் பாக்கி.

சாமான் ஏற்ற வந்த லோரி டிரைவர் குணாளன் நல்ல பிள்ளைதான், வாய்தான் சும்மா இருக்காது. "ஏறுங்க தாத்தா, டவுன்ல படம் காட்டுறாங்க லா, காசு வேணாம்!" என்று கேலி செய்தான். அவ்வளவுதான், தொண்ணூற்றொரு வயது மனிதர் தேயிலைக்குள் ஓடிப் பதுங்கிவிட்டார். தேடிப் பிடிக்க இரண்டு மணி நேரம்.

ஜப்பான்காரன் காலத்தில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்களாம். படம் பார்க்கணும் என்று அடம்பிடித்துத் தன் அப்பாவை இழுத்துப்போனது ஒன்பது வயதுத் தாத்தாதான். பிள்ளைகளை ரோட்டில் இறக்கிவிட்டு, ஆண்களைச் சியாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் அப்பா திரும்பி வரவே இல்லை. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை, அன்றுதான் வாய் திறந்தார். இப்போது காரைக் கண்டாலும் கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறார். தூக்கப் போனால் மூச்சு முட்டுகிறது. "அப்பா எறங்கினாத்தான் நான் ஏறுவேன்" என்கிறார்.

அங்கே நீ வேலைக்குப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பாட்டி டோரீன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே. சண்டைக் காலத்தில் அவர்கள் கிராமத்துக்குக் குண்டு விமானம் வந்தால் சங்கு அலறுமாம், சின்னப் பிள்ளையான அவரும் அவர் தாயும் மேசைக்கடியில் ஒண்டிக்கொள்வார்களாம். அப்புறம் ஆபத்து நீங்கியது என்று ஒரே நீளமாய் ஊதினால்தான் வெளியே வருவார்களாம். இப்போதும் மணி அடித்தால் மேசைக்கடியில் போய்விடுகிறார், நீ வாயால் அந்த நீளச் சங்கை ஊதினால்தான் வருகிறார் என்றாய். விழுந்து விழுந்து சிரித்தேன். மன்னித்துக்கொள்.

தன் அப்பா குரல் அப்படியே உன் அப்பாவுக்கு வந்திருக்கிறது என்று தாத்தா அடிக்கடி சொல்வார். அதனால், "வாசலில் நின்று, 'நான் எறங்கிட்டேன்டா, நீ ஏறு' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று உன் அப்பாவிடம் கெஞ்சிவிட்டேன். "பெத்த தகப்பனை டா போடச் சொல்றியா?" என்று எரிந்து விழுகிறார்.

இன்று வியாழன். மழை விடவில்லை. நீ சொன்னால் அவர் கேட்பார். அது பொய்யுமில்லை, மரியாதைக் குறைவுமில்லை என்று எடுத்துச் சொல்லம்மா. ஒரே ஒரு தடவை 'டா' போடச் சொல். எண்பத்திரண்டு வருஷமாக உன் தாத்தா அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

நீயும் டோரீன் அம்மாவும் நல்லாயிருங்கள்.

உன் அம்மா,
அம்சவல்லி