மஞ்சள் சிவக்கும் தண்ணீர்

சிதம்பரம்,
4.8.2011

மாப்பிள்ளை கார்த்திகேசன் அவர்களுக்கு, மாமனார் கொளஞ்சியப்பன் தன் கையாலேயே எழுதுவது. நானும் உங்கள் அத்தை சௌந்தரமும் சுகம். நீங்களும் இலக்கியாவும் சுகம்தானே.

எழுதப் படிக்கக் கற்க நான் வளர்கல்வி மையத்தில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. நீங்கள் அனுப்பிய ஐந்தாம் வகுப்புப் பாடக்குறிப்பை, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டே மூன்று நாளில் படித்து முடித்தேன்!

பாடத்தில் ஒரு குறை. கோபிக்க வேண்டாம். டம்ளர் தண்ணீரில் மையை ஊற்றி, இதுதான் மாசு என்று காட்டியதாகவும், பிள்ளைகள் கொட்டாவி விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடாமல் என்ன செய்யும்? மை கலந்ததைக் குடிக்கக்கூடாது என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? நம்மைக் கெடுத்த தண்ணீர் கண்ணாடி மாதிரி அல்லவா இருந்தது.

வேறு பாடம் யோசித்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் மஞ்சள் தடவிக் காயவைத்துத் துண்டு போடுங்கள். பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரட்டும். நல்ல தண்ணீரில் மஞ்சள் மாறாது. பொன்னுரங்கத்தின் சாயப்பட்டறை வாய்க்காலை ஒட்டிய நம் பழைய கிணற்றுத் தண்ணீரில் சாயக்கழிவின் காரத்தால் சிவந்துபோகும். உங்கள் பள்ளிக்கூடத்து அடிபம்பும் அந்த வாய்க்கால் ஓரம்தான். முதலில் நீங்களே செய்து பாருங்கள். சோப்புக் கை பட்டாலும் சிவக்கும். பொன்னுரங்கம் அதைச் சாக்காகச் சொல்லுவான். எல்லோரும் கையை நன்றாக அலசட்டும்.

இதைச் சுதந்திர தினத்தன்று நடத்துங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று அவன்தான் மிட்டாய் கொடுக்க வருவான். மாலை போட்டு உட்காரவைத்து, அவன் கையாலேயே துணியை முக்கச் சொல்லுங்கள். ஊரே பார்க்கட்டும். அப்புறம் ஒரு பிள்ளை அதே தண்ணீரை டம்ளரில் நீட்டி, "குடிங்கய்யா" என்று சொல்லட்டும். அந்த முகத்தை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறாள் சௌந்தரம்.

பதினாறு வருடம் முன்பு, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதாக ஊர்ப் பெண்கள் போட்ட மனுவை விசாரிக்க மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரிகள் வர இருந்தார்கள். அன்று காலை பொன்னுரங்கம் தன் பட்டறை ஆட்களோடு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். படித்துக் காட்டச் சொன்னேன். "கைநாட்டுக்கு எதுக்குய்யா படிச்சுக் காட்டணும், உருட்டுய்யா" என்றான். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். தகவல் உரிமை மனு நானே எழுதிப் போட்டு, போன மாதம் அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிப் படித்தேன். கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்று நான் சொன்னதாக இருக்கிறது. பெண்கள் மனு அதோடு போயிற்று.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அதே காலையில் சௌந்தரம் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, சிவந்த கையைக் கொண்டுவந்து காட்டினாள். பட்டறையில் எனக்கு வாட்ச்மேன் வேலை தருவதாக அவன் சொல்லியிருந்தான். அவளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத்தான் விரலை நீட்டினேன். அந்தத் தண்ணீரால் அவள் கையில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

உங்கள் வேலைக்கு ஆபத்து வருமோ என்று இலக்கியா பயப்படுவாள். பாடம் சொன்னது நான் என்று சொல்லிவிடுங்கள். பதினைந்தாம் தேதி முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். அவன் அந்தக் காகிதத்தைக் காட்டி, "தண்ணி சுத்தம்னு சொன்னவன் யாரு" என்று கேட்டால், பிள்ளைகள் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லுங்கள், மாப்பிள்ளை. நிற்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் வரும்வரை பிள்ளைகளை அந்த அடிபம்புப் பக்கம் விடாதீர்கள்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்