மாமியின் காப்புறுதி

2007 ஆவணி 14, செவ்வாய்

செல்லம்மா மாமி போன மாதம் கிணற்றடியில் மயங்கி விழுந்ததிலிருந்து நான் தேடிய காப்புறுதிக்காரர், சோதனைச் சாவடிகளைத் தாண்டி இன்று வந்துசேர்ந்தார். வீட்டில் வேலைக்கு இருப்பவர்களை எங்கள் மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கலாமாம். மாமியைக் காட்டி, "இவ உங்களுக்கு ஆர்?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். "எனக்கு மச்சாள்."

உறவு எதுவுமில்லை. சுனாமியில் வீடு போய், கொஞ்ச நாள் தங்க வந்தவர். சமைக்கிறார், துவைக்கிறார், சம்பளம் வாங்குகிறார். ஆனால் அவரை வேலைக்காரி என்று யாரிடமும் சொல்ல அம்மாவுக்கு மனம் வராது.

"சொந்தமெண்டா சேர்க்கேலாது அம்மா."

"அதுக்காகப் பொய் சொல்லவா? ஊரில கேட்டுப் பாருங்க தம்பி."

அவர் பேனையை மூடினார். எனக்கும் அந்தச் சொல் வரவில்லை. தேநீர் கொண்டுவந்த மாமிதான் சொன்னார்: "வேலைக்காரி எண்டே எழுதுங்க தம்பி. மச்சிக்கு அவட வெக்கம் பெரிசு, எனக்கு என்ட மயக்க வருத்தம் பெரிசு."

காப்புறுதிக்காரர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அட்டை அடுத்த மாதம் வரும்.

மத்தியானம் அம்மா மாமியிடம் கேட்டார்: "இந்த வீட்டில உன்ன ஆரும் அப்பிடிச் சொன்னதா?"

"இல்ல மச்சி. சொல்லியிருந்தா எப்பவோ லீவு கேட்டிருப்பன். இப்ப எழுதியாச்சு, வெள்ளிக்கிழமை களுதாவளைப் பிள்ளையாருக்குப் போறன். அண்டைக்குச் சமையல் நீங்க."

பகிடி என்று நினைத்து அம்மா சிரித்தார். மாமியும் சிரித்தார்.

இப்போது யன்னலால் பார்க்கிறேன். மாமியின் நல்ல சேலை துவைத்துக் கொடியில் கிடக்கிறது.