கோட்டு போட்ட பொம்மைகள்

இன்று காலை நம் ஜவுளிக்கடைப் பெண்களுக்குப் புதுக் கோட்டுகள் வந்து இறங்கின. கட்டைப் பிரித்ததும் கஞ்சி வாசனை. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய், வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு. நான் எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்றே சிறிது நேரம் தெரியவில்லை. வெளியே தூறல். தி. நகர் தெரு முழுவதும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மங்கலாக இருந்தது.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்குப் பட்டுப் பிரிவு. உனக்கு வாசல் பொம்மைகளுக்குப் புடவை கட்டும் வேலை. ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், அந்த அரையிருட்டில், அவற்றோடு பேசிக்கொண்டே கொசுவம் வைப்பாய். "இன்னாடி, இன்னிக்கு மாம்பழக் கலரா? ஒனக்கு நல்லாத்தான் கீது." சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து உங்கள் வீடுகளையெல்லாம் ஊருக்கு வெளியே மாற்றிய பிறகும், இரண்டு பஸ் மாறி எனக்கு முன்னால் வந்து நிற்பாய்.

அந்த ஆடி மாதம் சரக்கு லிஃப்ட்டில் புடவைக் கட்டுகளோடு நான் போனபோது, மாடி சூப்பர்வைசரும் கூட ஏறினான். இரண்டு மாடி ஏறுவதற்குள் அவன் கை செய்ததை இப்போதும் எழுத முடியவில்லை. அழுதுகொண்டே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தலையைத்தான் பார்த்தார். "நீ ஏம்மா தனியாப் போனே? பூ வேற வச்சிருக்கே" என்றார். மறுநாள் பலகையில் விதிகள் ஒட்டினார்கள். பெண்கள் கழுத்துவரை கோட்டு போட வேண்டும். பூ கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. லிஃப்ட்டில் ஏறக் கூடாது. அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் அதே மாடியில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தான்.

தப்பு என்மேல்தான் என்று நானும் நம்பிவிட்டேன், தெரியுமா. பூவை எடுத்தேன். தோளில் இன்னும் இரண்டு பின் குத்திக்கொண்டேன். மாதக் கடைசியோடு நான் நின்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதை உன்னிடம் சொன்னேன். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

அடுத்த நாள் ஷட்டர் ஏறியதும் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எட்டுப் பொம்மைகளும் பட்டுப்புடவைக்கு மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட நீலக் கோட்டில் நின்றன. தலையில் துண்டு வேறு. கனவில் வரும் ஆட்கள் மாதிரி அசையாமல் நின்றன. நடுவில் ஒரு அட்டைப்பெட்டி மூடி, அதில் உன் கோணல் கையெழுத்து:

"புடவைகளுக்கு அறிவிப்பு. பளபளக்கக் கூடாது. சரிகையைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அலமாரியில் தனியாக இருக்கக் கூடாது. மீறித் திருடுபோனால் புடவையே பொறுப்பு. திருடனைத் தொந்தரவு செய்யாதீர்கள்."

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன கூத்து இது?"

நீ ரொம்பப் பணிவாகச் சொன்னாய். "நீங்க போட்ட ரூல்ஸ்தான் சார். பொண்ணுங்களுக்கு மட்டும் போட்டா போதுமா? சரக்குக்கும் பாதுகாப்பு வேணாமா?"

கூட்டம் சிரித்தது. ஆடித் தள்ளுபடிக்கு வந்த ஒரு அம்மாள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அது சரி, திருடன் யாரு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. நீ என் பக்கம் திரும்பவில்லை. எனக்காக வாயைத் திறக்கவும் இல்லை. அதற்காகவே உன்னை இன்றைக்கும் கும்பிடுகிறேன். பொம்மைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் பெயரை நான்தான் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி.

அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார்கள். நான் வேலையை விடவில்லை. உன்னை மட்டும் பொம்மைகளிடமிருந்து பிரித்து குடோனுக்கு மாற்றினார்கள். "அங்க கூட்டமே இல்ல, நிம்மதியா கீது" என்றாய். பொய் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே வருஷங்களை ஓட்டிவிட்டேன். போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தவள், நீ எழுந்திருக்கவே இல்லை.

இப்போது மாடிப் பொறுப்பு என்னிடம். போன வாரம் புதுப்பெண் ஒருத்தி கண் சிவந்து வந்து நின்றாள். மாடிப்படித் திருப்பத்தில் ஒருத்தன் கையைப் பிடித்து இழுத்தான் என்றாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? "நீ எதுக்கு அங்க..." என்று என் வாயே ஆரம்பித்துவிட்டது. பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் தலை குனிந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கம்மா. தப்பாக் கேட்டுட்டேன். அவன் யாரு?"

நிமிர்ந்து பார்த்தாள். பெயரைச் சொன்னாள்.