இருட்டறையில் மூன்று சுற்று

பெருங்குடி, சென்னை
4.5.2025

நாகலாபுரத்தில் இருக்கும் ப்ரியதர்ஷினியின் அப்பாவுக்கு,

தங்கமாரி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்க வேண்டாம். கல்யாணம் முடித்து வந்து நின்ற மகளையும் மருமகனையும் நீங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிய அன்றைக்கு, நீங்களே அவளை வீட்டுக்குள் அழைக்கிற வரைக்கும் உங்களோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷமாக நம் ஆட்டிடம் சொல்லித்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். "ஏ ஆடே, ரசம் ஆறுதுன்னு சொல்லு" என்றால் உங்களுக்குக் கேட்டுவிடும். இங்கே ஆடு இல்லை. ஃபோன் செய்தால் அது பேச்சாகிவிடும். அதனால் காகிதம்.

நான் சுகம். மகளும் சுகம். மாப்பிள்ளை தினகரனும் சுகம்; நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்லிவிட்டேன். பத்து நாள் இருக்க வந்த எனக்கு ஊரைக் காட்டுகிறோம் என்று கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். நேற்று மகள் தான் வேலை பார்க்கிற இடத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். ஒரு பெரிய மாலில் மூன்றாவது மாடி. ஒளிக்கூடம் என்று பெயர். கலைக்கூடமாம்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஏதோ சாமி இருக்கும் என்று பயபக்தியோடு போனால் உள்ளே நாலு சுவர்தான். சுவர் முழுக்க சூரியகாந்தி ஓடுகிறது. என் சேலையிலும் பூக்கிறது, முகத்திலும் பூக்கிறது. பூத்து, வாடி, மறுபடி பூக்கிறது. வாடினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத வெள்ளாமை. பேண்ட் போட்ட பெரிய மனுஷர்கள் தரையில் மல்லாந்து கிடந்து அதைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் ஒருவன் அப்படிக் கிடந்தால் சோடா வாங்கி முகத்தில் தெளிப்போம்.

அடுத்தது கண்ணாடி அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கமாரி. ஒருத்தியையே உங்களால் தாங்க முடியவில்லை, அங்கே ஆயிரம் பேர் நின்றோம்.

அதற்கப்புறம் மழை. கூரையிலிருந்து கொட்டுகிறது. நாம் எங்கே போய் நிற்கிறோமோ அந்த இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளாத்திகுளத்தில் பெய்யும், எட்டயபுரத்தில் பெய்யும், நம் பிஞ்சைக் காட்டில் நீங்கள் போய் நின்றால் மட்டும் நின்றுவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஓசியில் பார்த்த வேடிக்கைக்கு இங்கே டிக்கெட்.

கடைசியில் இருட்டறை என்று ஒன்று இருந்தது. நான் போகவில்லை. நம் ஊரில் கரண்ட் போனால் வருகிற இருட்டு போதாதா? "உள்ள என்னட்டி இருக்கு?" என்றேன். "போனாத்தாம்மா தெரியும். வேலை பாக்குதவங்க வெளிய சொல்லக் கூடாது" என்றாள். கறுப்புச் சட்டை போட்டு அந்த இருட்டறைக்குள் ஆட்களை விடுகிற வேலை அவளுக்கு. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு ஐந்து மாதம். ஆனியில் ஏழு. ஆடி பிறந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. அதற்குள் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பெற்ற அப்பா வந்து கூப்பிடாமல் அவள் வரமாட்டாள். நானும் கூட்டி வரமாட்டேன். வருகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கமாரி


நாகலாபுரம்
10.5.2025

சென்னைக்கு ஊர் சுற்றப் போயிருக்கும் தங்கமாரிக்கு,

முத்துமணி எழுதுவது. கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷம் வாயை மூடிக் கிடந்தவள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாய். இதற்கு அந்த ஆடே தேவலை.

வேலை இல்லாதவன் சுவரில் பூ ஓடவிடுகிறான். புத்தி இல்லாதவன் காசு கொடுத்து மல்லாந்து படுக்கிறான். அங்கே கதவு திறந்துவிட ஒரு பி.எஸ்ஸி. பட்டதாரி! கோவில்பட்டி காலேஜுக்கு மூன்று வருஷம் பஸ் ஏற்றிவிட்டது இதற்குத்தான் என்று அப்போதே தெரிந்திருந்தால் எட்டாவதோடு நிறுத்தியிருப்பேன். கூட்டிக்கொண்டு போன பயல் அவளை வைத்திருக்கிற லட்சணம் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் வரமாட்டேன். என்னைக் கேட்காமல் போகத் தெரிந்தவர்களுக்கு என்னைக் கேட்காமல் பிள்ளை பெறவும் தெரியும். பட்டணத்தில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?

இங்கே ஒரு கோடை மழை பெய்தது. கரிசலில் வெடிப்பு பாதி மூடியிருக்கிறது. டிராக்டர் விட்டு உழுதாகிவிட்டது. நான் போய் நின்றதால்தான் மழை நின்றது என்று எழுதிவிடாதே. பக்கத்து வீட்டு வெயிலம்மாள் தினமும் குழம்பு கொடுக்கிறாள். உன் குழம்புக்கு அது எவ்வளவோ மேல். ஆடு சுகமாக இருக்கிறது. உன்னை விசாரிக்கவில்லை.

பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனாய். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

முத்துமணி


பெருங்குடி
14.5.2025

ப்ரியதர்ஷினியின் அப்பாவுக்கு,

இப்படி எழுதினால்தான் எனக்குத் திருப்தி. நீங்களோ கடிதம் முழுக்க அவள் பெயரை ஒரு இடத்தில்கூட எழுதாமல் தப்பித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான்.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டுகிற மாதிரி அதில் ஒரு வரியும் இல்லை. கதவு திறந்துவிடுகிற வேலை என்று கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துகிற வேலையைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த இடம் வெட்டிப் பகட்டு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்றைக்குக்கூட ஒரு அம்மா மழை அறையிலிருந்து வெளியே வந்து, வாழ்க்கையே மாறிவிட்டது என்று அழுதாராம். ஒரு நாள் நம் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கவிட்டால் உண்மையாகவே மாறிவிடும். ஆனால் நம் பிள்ளையை அந்தப் பகட்டோடு சேர்த்து ஏசாதீர்கள். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் நிற்கிறாள். சனி, ஞாயிறில்தான் கூட்டம் அதிகமாம். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிடுகிறேன்.

"விட்டுரேம்ட்டி இந்த வேலைய" என்றேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு முட்டுவலி எப்படியிருக்கு? மாத்திரை போடுதாவளா?" என்று கேட்டாள்.

"எங்கூடத்தான் பேச்சு இல்லையே, ஆட்டுக்கிட்டத்தான் கேக்கணும்" என்றேன். சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனி பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. அவள் கண்ணில் பயம் இருக்கிறது. முதல் பிள்ளை அல்லவா? நான் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வேன், அது பெரிய காரியமில்லை. ஆனால் அப்படி நடந்தால் அதற்கப்புறம் நானும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். மிரட்டுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கமாரி


நாகலாபுரம்
21.5.2025

தங்கமாரிக்கு,

உன் மிரட்டலுக்குப் பதில் எழுத இதை எடுக்கவில்லை. ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் பிஞ்சைக்கு அடுத்த பிஞ்சைக்காரன் வெயிலுமுத்து போன வாரம் சென்னைக்குப் போயிருந்தான். போன இடத்தில் அந்த ஒளிக்கூடத்துக்கும் போயிருக்கிறான். வந்து சொன்னான்.

நீ எழுதியது கொஞ்சம். அது பகல் கொள்ளை. செருப்பை வாசலில் விட மனசில்லாமல் இவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனானாம், அதற்கு ஒருவன் இங்கிலீஷில் ஏசுகிறான். பூவும் மழையும் கிடக்கட்டும். அந்த இருட்டறை இருக்கிறதே, அதில் ஒரு எழவும் கிடையாது. கண்ணை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். காலுக்குக் கீழே ஒரு மேடு, ஒரு படி. ஒரு மூலையில் காற்று, இன்னொரு மூலையில் தண்ணீர் சத்தம். முடிந்தது. அதையும் நேராகக் காட்டி அனுப்புகிறார்களா என்றால் அதுவும் இல்லை. அதே மேடு, அதே படி, அதே காற்று என்று ஒரே இடத்தை மூன்று தடவை சுற்றவிட்டார்கள். இருட்டில் எவனுக்குத் தெரியப்போகிறது என்கிற நினைப்பு. மூன்று சுற்றுச் சுற்றினால் பெரிய இடம் என்று நம்பிவிடுவானாம் பட்டிக்காட்டான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பிள்ளை கையை நீட்டச் சொல்கிறது. இவன் ஒரு விரலைத்தான் நீட்டினானாம். அதைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போகிறது. "பாத்து வாங்க சார், இங்கன ஒரு படி இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. முடிந்ததும் திரைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அது இருட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. எதிரில் நிற்கிறவன் யார், எந்த ஊரிலிருந்து வந்தான், எதற்கு வந்தான் என்று ஒரு கேள்வி உண்டா? பெற்ற அப்பன் வந்து நின்றாலும் சார்தான். சார்! பட்டணத்தில் இதைத்தான் படித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. வயிற்றுப்பிள்ளைக்காரியை அந்தப் படியில் நாள் முழுக்க ஏறி இறங்க வைக்கிறவன் மனுஷனா? அவனுக்கு அக்கா தங்கச்சி கிடையாதா? இதற்குப் பெயர் கலை.

வெயிலுமுத்து இவ்வளவுதான் சொன்னான்.

முத்துமணி


பெருங்குடி
26.5.2025

ப்ரியதர்ஷினியின் அப்பாவுக்கு,

பாவம் வெயிலுமுத்து. தன் மகள் கல்யாண வேலையில் இந்த மாதம் முழுக்கக் கோவில்பட்டியைத் தாண்டாத மனுஷனைப் போய்ப் பொய்க்கு இழுத்திருக்கிறீர்களே. வெயிலம்மாளிடம் நான் ஃபோனில் பேசுவது உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டை அவள் வீட்டில் கட்டிவிட்டு, "தூத்துக்குடியில ஒரு சோலி" என்று வேட்டி மாற்றிக்கொண்டு போன ஆள் திங்கட்கிழமைதான் திரும்பினீர்களாம். தூத்துக்குடிக்கு எந்த வழியாகப் போனீர்கள், சென்னை வழியாகவா?

மகள் பெருங்குடியில் இருக்கிறாள், பெண்டாட்டி பெருங்குடியில் இருக்கிறாள். நீங்கள் அந்த ஒளிக்கூடத்துக்கே வந்து, டிக்கெட் எடுத்து, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருட்டில் போய் அவளைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ரயில் ஏறியிருக்கிறீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு எரிச்சலாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. அழவும் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

உங்களுடைய இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு அதை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்புறம் எல்லாம் சொன்னாள். நீங்கள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். கால் வலி என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

பெற்ற அப்பனையே அவளுக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முதல் அடி வைக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டதாம். கையைக் கொடுங்கள் என்றால் வருகிறவர்கள் எல்லோரும் உள்ளங்கையைக் கொடுப்பார்கள். நீங்கள் சுண்டுவிரலைக் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன காலமெல்லாம் அவளுக்கு அந்த விரலைத்தானே கொடுத்தீர்கள்? அவள் கைக்கு அதுதான் பிடிபடும் என்று. ஊரில் வேறு எவர் சுண்டுவிரலைக் கொடுக்கிறார்?

"பெறவு ஏன்ட்டி சார்னு சொன்ன?" என்று சத்தம் போட்டேன்.

"அப்பான்னு கூப்பிட்டா விரல உருவிக்கிட்டுப் போயிருவாவம்மா" என்றாள்.

மூன்று சுற்றுக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாரையும் ஒரு சுற்றுத்தான் கூட்டிப்போவார்களாம். அடுத்த ஆள் வெளியே காத்துக்கொண்டிருக்க, உங்களைத்தான் மூன்று தடவை சுற்றியிருக்கிறாள். விட மனசு வரவில்லையாம். அன்றைக்கு மேலாளரிடம் அதற்கு ஏச்சு வாங்கியிருக்கிறாள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நீங்கள் திட்டித் தீர்த்தது இதைத்தான்.

நான் இனிக் கேட்கமாட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாகிவிட்டது.

தங்கமாரி


நாகலாபுரம்
31.5.2025

ப்ரியதர்ஷினியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வேறு வேலை ஓடவில்லை.

அந்த இடம் பகட்டு என்று எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை. ஒரு சுற்றுக்கும் அதே டிக்கெட்தான், மூன்று சுற்றுக்கும் அதே டிக்கெட்தான் என்றால் அவனுக்கு யாவாரமும் தெரியவில்லை. அந்த மேலாளர் அவளை ஏசினானாமே, அவன் பெயரைக் கேட்டு வை.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேருகிறேன். முறைப்படி அழைக்க வேண்டியதைப் பழம், பூவோடு வந்து அழைக்கிறேன். மாப்பிள்ளையையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல். வளைகாப்பை ஆனி முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம். அவளை உடனே லீவு போடச் சொல், அந்தப் படியில் இனி ஏற வேண்டாம். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன் என்று சொல்லிவிடு.

ஆட்டை வெயிலம்மாளுக்கே கொடுத்துவிட்டேன். இனி நம் வீட்டில் அதற்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த இருட்டுக்குள் மறுபடி என்னை யாரும் கூப்பிட வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் நிற்பேன். கதவை அவளே வந்து திறக்கட்டும். ஆனால் திறந்ததும் சார் கீர் என்றாளானால் அப்படியே திரும்பி ரயில் ஏறிவிடுவேன் என்று இப்போதே சொல்லிவை.

அவள் அப்பா
முத்துமணி