செமி ஓட்டோவுக்கு ஓதிய பாற்சோறு

786

கல்முனைக்குடி
10.03.2010

அன்பு மகன் நளீருக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உன் ராத்தா றம்ஸியாவும் அவள் வீட்டாரும் உடம்புக்குச் சுகம். உடம்புக்கு என்று ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால் மனதுக்குச் சுகமில்லை, போன வெள்ளிக்கிழமை தின்ற பாற்சோற்றை நினைத்து இன்னும் வாயைக் கொப்பளிக்கிறேன். நீயும் மருமகள் றுஸ்னாவும் பேரன் சஹ்மியும் அங்கே சுகமாக இருக்க துஆச் செய்தபடிதான் பேனையை எடுத்தேன். வெள்ளாமை வெட்டி முடிந்தது, மழை குறுக்கே வந்தும் நெல்லு நல்ல நெல்லு, றம்ஸியாவின் மாப்பிள்ளைக்கு மாற்றம் கிடைத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், உம்மாவின் முழங்கால் நோவும் பரவாயில்லை. இதெல்லாம் நல்ல செய்தி. இனி எழுதப்போவது நல்ல செய்தி இல்லை. டெலிபோனில் கதைத்திருக்கலாம், ஆனால் கதைத்ததில்தான் இந்தக் கூத்தே வந்தது, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து இரண்டு தரம் வாசி.

அன்றைக்கு நீ கோல் எடுத்தபோது கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி லைன் இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான். வாப்பா செமி ஓட்டோ ஒண்டு எடுத்திரிக்கன், நம்மட ஸ்டேட்டுச் சட்டம் பொல்லாத சட்டம், எல்லாம் சட்டத்துக்கு ஏத்த மாதிரித்தான், பேரு விலாசம் பதிஞ்சி பெருவிரல் அடையாளம் குடுத்துப் பத்து நாள் காத்திருந்துதான் கைக்கு வந்திச்சி என்றாய். நான் என்னத்தைக் கண்டேன், கியர் பாதி தானாக மாறுகிற காராக்கும் என்று நினைத்தேன். உம்மா பக்கத்தில் நின்றவள், ஓட்டோவா, இஞ்சினியருக்குப் படிச்சிப் போட்டு அமெரிக்காவுல போய் ஓட்டோவா ஓட்டுறான் என்ட புள்ள என்று தலையில் கையை வைத்துவிட்டாள், அது மூன்று சில்லு ஓட்டோ இல்லை கா என்று அவளுக்கு விளங்கப்படுத்தவே எனக்குப் பாதி உயிர் போனது. பிறகு நான் உன்னிடம், புள்ளய முன்னால வெக்காத மகன், கவனம் என்றேன். நீ, ஓம் வாப்பா, புள்ளைக்கு எட்டாத உயரத்துலதான் வெச்சிரிக்கன் என்றாய். நான் அதைச் சாவி என்று எடுத்துக்கொண்டேன். றுஸ்னாவுக்கும் பழக்குறியா என்று கேட்டேன், ஓம் வாப்பா, புள்ள பொறந்த மறுகா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போய்ப் பழக்குவன் என்றாய். மாஷா அல்லாஹ் என்றேன் நான். இந்த வாயால் சொன்னேன் மகன், மாஷா அல்லாஹ் என்று!

சரி, பிள்ளை முதல் முதல் வாகனம் எடுத்திருக்கிறான், வெறுமனே விடலாமா என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அபூசாலி லெவ்வையைக் கூப்பிட்டுச் சாம்பிராணி போட்டு, உம்மா ஒரு பெரிய சட்டி பாற்சோறு காய்ச்சி, பாத்திஹா ஓதினோம். அந்த மனிசன் கண்ணை மூடிக்கொண்டு, நளீருடைய புது வாகனத்தில் பரக்கத்தைத் தா ரப்பே, ஒரு உயிருக்கும் சேதம் வராமல் காத்தருள் என்று உருகி உருகி துஆக் கேட்டார், நாங்கள் எல்லாரும் ஆமீன் சொன்னோம். அடுத்த வளவுப் பதியுதீன் என்ன கலர் என்று கேட்டான். காணாத பொருளுக்கு நான் வெள்ளை என்றேன். பதினொரு வீட்டுக்குக் கொடுத்தோம். முதல் கோப்பையை எப்போதும் போல நானே சைக்கிளில் கொண்டுபோய்க் காரைதீவில் தங்கரத்தினத்தின் கையில் கொடுத்தேன். நம்முடைய வயல் கண்டத்துக்குப் பக்கத்துக் கண்டம் செய்த இளையதம்பியின் பெண்சாதி, உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும். என்ன காக்கா விசேஷம் என்று கேட்டாள், சின்னவன் வாகனம் எடுத்திருக்கான் தங்கச்சி என்றேன். நல்லம் காக்கா, தம்பி பாத்துக் கவனமா ஓடட்டும் என்று சொல்லி, என் முன்னாலேயே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை றம்ஸியா தன் கொம்பியூட்டரைத் திறந்து, வாப்பா தம்பி படம் அனுப்பியிருக்கான் வாங்க என்று கூப்பிட்டாள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்து நின்றாள். கார் எங்கே என்று நான் தேடுகிறேன். கறுப்பாக, நீட்டாக, தூ, ஒரு துவக்கு! அதைக் கட்டில் விரிப்பில் சீராகக் கிடத்தி, பக்கத்தில் பற்றுச்சீட்டும் பத்திரமும் வைத்துப் படம் எடுத்திருக்கிறாய், பிறந்த பிள்ளையைக் கிடத்திப் படம் எடுக்கிற மாதிரி. பின்னுக்குச் சஹ்மி கதிரையில் இருந்து பால் குடிக்கிறான், அவனை விட அது நீளம். உம்மா அல்லாஹ்வே என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு வந்தது பயமில்லை, அருவருப்பு. சாப்பாட்டுக்குள் புழுவைக் கண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது, அதுவும் தின்று முடித்த பிறகு கண்டால். ஓதின வாயும் ஆமீன் சொன்ன வாயும் பாற்சோறு தின்ற வாயும் இதற்காகவா என்று போய் வாயைக் கொப்பளித்தேன். படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததை றம்ஸியா வாசித்தாள். மூன்று வீடு தள்ளி ஒரு வீட்டில் கள்ளன் புகுந்தானாம், வேலைத்தலத்துப் பொடியன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டுப் பழகப் போகிறார்களாம், பத்துக்கு மேல் குண்டு போடேலாதாம், குண்டுப் பெட்டியைக் கையால் கழற்றேலாதாம், ஒரு கூரான சாமானால் குத்தித்தான் கழற்றலாமாம், சட்டத்துக்குப் பொருந்தாததை எல்லாம் எடுத்துவிட்டுப் பொருந்துவதைப் பூட்டித்தான் கடைக்காரன் விற்றானாம். பயப்படாதீங்க வாப்பா, நூற்றுக்கு நூறு சட்டத்துக்குட்பட்டது என்று முடித்திருந்தாய். சட்டம் சொன்னதென்று துவக்குக்குச் சாரன் உடுத்தி விட்டால் அது பள்ளிக்குத் தொழப் போகுமா? செமி ஓட்டோ என்றால் என்ன என்று மருமகனிடம் கேட்டேன், குண்டு தானாக ஏறுமாம், விசையை மட்டும் நாம் அழுத்த வேண்டுமாம். அப்போ பாதி துவக்கு, மற்றப் பாதி நீ. சீ! நான் பெற்ற பிள்ளை ஒரு துவக்கின் பாதியா?

சண்டை முடிந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. காரைதீவுக்குப் போகிற வழியில் இருந்த சோதனைச் சாவடியைப் போன மாதம்தான் பிரித்து மண்மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் அந்த இடத்தைக் கடந்த முதல் நாள் எனக்குக் கண் கலங்கியது, வயது போன மனிசன் றோட்டில் அழுகிறானே என்று வெட்கமாகவும் இருந்தது. இருபது வருசமாக நாங்கள் எதைக் காணாமல் இருக்க வேண்டும் என்று கேட்டோமோ அதை நீ கடையில் போய்க் காத்திருந்து வாங்கியிருக்கிறாய்.

இனி நான் எழுதுவதை உம்மாவுக்கு முன்னால் வாய் திறந்து ஒருநாளும் கதைத்ததில்லை. இளையதம்பி மாமாவின் கால் எப்படி நொண்டியானது என்று நீ சின்னதில் கேட்டபோது, காட்டுப்பன்றிக்குக் கட்டி வைத்த கட்டுத்துவக்கு வெடித்தது என்று சொன்னோம். பொய். அது நான் துவக்கால் வைத்த வெடி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரி, உனக்குப் பத்து வயது. தமிழ் ஊரும் நம்முடைய ஊரும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத காலம், ஊர்க்காவலுக்கு என்று ஆள் எடுத்தார்கள், நானும் போனேன். எனக்கும் பதிந்தார்கள், எனக்கும் பெருவிரல் அடையாளம் எடுத்தார்கள், இலக்கம் போட்ட துவக்கு தந்தார்கள், எல்லாம் சட்டப்படி. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், கொட்டுகிற மழை, துவக்கோடு வயலில் நிற்கிறேன். வரம்பில் ஒருத்தன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தோளில் நீட்டாக ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறான். ஆரது என்று கத்தினேன், மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு வெடி வைத்தேன். விழுந்தவன் தண்ணீருக்குள் கிடந்து, காக்கா, நான்தான் காக்கா என்றான். தோளில் இருந்தது மண்வெட்டி. என் வயலில் மழைத் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, நான் ஊருக்குள் காவலுக்கு நிற்கிறேன் என்று நினைத்து எனக்காக வடிகிற வாய்க்காலைத் திறக்க வந்திருக்கிறான் அந்த மனிசன். முழங்கால் சிதறிப்போனது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, சாக்கை மூடிட்டுப் போனது என்ட பிழை ஐயா, காக்காவுல ஒரு பிழையும் இல்ல என்று சொன்னான். எனக்கு ஒரு கடதாசி தந்தார்கள். அடுத்த நாளே துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கையை எத்தனை தரம் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகும் அவன் நம்முடைய வீட்டுக்கு வந்தான், உன்னைச் சைக்கிளில் ஏற்ற முடியாதே என்று கவலைப்பட்டு உனக்கு விளாம்பழம் கொண்டுவந்தான், நீ அவன் நடக்கிற மாதிரி நடந்து காட்டிச் சிரித்தாய், அவனும் சிரித்தான். நான் வீட்டுக்குள் எழும்பிப் போய்விடுவேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். சுனாமி வந்த அன்றைக்கு நம்முடைய பக்கமும் எத்தனை மௌத்து, நீ கொழும்பில் இருந்தாய், தப்பினாய். மூன்றாம் நாள் காரைதீவு ஆட்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தங்கரத்தினம் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தாள், இளையதம்பி எங்கே என்று கேட்டேன். கடல் வருகுது எண்டு சத்தம் கேட்டதும் பிள்ளையளையும் என்னையும் தள்ளிவிட்டார் காக்கா, நீங்க ஓடுங்க, நான் மெல்ல வாறன் எண்டார் என்று சொன்னாள். காலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. ஓடக்கூடிய கால் இருந்திருந்தால் அவன் இன்றைக்கும் இருப்பான் மகன். கோயில் பக்கம் மேட்டுக்கு எட்டிய ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் சட்டப்படி வைத்த வெடி அன்றைக்குத்தான் அவனைக் கொன்றது, கொன்றவன் உன் வாப்பா. அன்றிலிருந்துதான் நம்முடைய வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் கோப்பை அவள் வீட்டுக்குப் போகிறது. அந்தக் கையால்தான் இந்த முறை அவளுக்குத் துவக்குக்கு ஓதின சோற்றைக் கொடுத்திருக்கிறேன். தம்பி கவனமா ஓடட்டும் என்று அவள் சொன்னது காதுக்குள்ளேயே நிற்கிறது. உன்மேல் எனக்கு எவ்வளவு அருவருப்போ அதைவிட இரண்டு மடங்கு என்மேல்.

நேற்று அவள் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறுங்கோப்பை கொடுக்கக் கூடாதென்று அதற்குள் ஒரு பொட்டலம். றுஸ்னாவுக்குப் பிரசவம் கிட்டி வருகிறது, உம்மா அங்கே போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சரக்கைத் தானே வறுத்து இடித்து வெள்ளைத் துணியில் முடிந்திருக்கிறாள். அமெரிக்காவுல இதெல்லாம் எங்க கிடைக்கும், றபீக்கா அக்கா கையோட கொண்டுபோகட்டும் என்று உம்மாவிடம் நீட்டினாள். உம்மா அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அழுதாள், அழுதுவிட்டு வந்து கட்டிவைத்த சூட்கேசை அவிழ்த்து உடுப்பை எல்லாம் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். என்ட புள்ளைக்கு நான் போகத்தான் வேணும், ஆனா அந்தச் சனியன் இருக்கிற வூட்டுக்குள்ள இந்தச் சரக்கத் தூக்கிட்டு எப்படிப் போற என்று என்னைக் கேட்கிறாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. வாங்குவதற்கு இவ்வளவு சட்டம் வைத்தவர்கள் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள், அதையும் சட்டப்படியே செய். கள்ளனுக்குப் பயம் என்றால் நல்ல பூட்டாகப் போடு, நாய் குரைக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார், விளக்கை எரிய விடு. நீ சுட்டுப் பழகுகிற காலத்தில் சஹ்மிக்குக் குர்ஆன் ஓதப் பழக்கு, பந்து எறியப் பழக்கு, எதையாவது பழக்கு. உயரத்தில் வைத்திருக்கிறேன் என்று மறுபடியும் எனக்குச் சொல்லாதே, நீயும் சின்னதில் அலுமாரி மேல் இருந்த சீனிப் போத்தலை எடுத்தவன்தான்.

றுஸ்னாவைப் பாரம் தூக்க விடாதே, இரும்புச்சத்துக் குளிசையை நேரத்துக்குக் கொடு. அவளிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே, வாசிக்கக் கொடு. அல்லாஹ் அவளுக்கு இலேசான பிரசவத்தையும் சஹ்மிக்கு நீண்ட ஹயாத்தையும் உனக்கு நல்ல விளக்கத்தையும் தரட்டும். நான் கோபத்தில் எழுதியதெல்லாம் கோபம்தான், அதற்கு அடியில் துஆவும் இருக்கிறது, அதை நீ அறிவாய். மறக்க வேண்டாம், உம்மாவின் பிளேன் ஏப்ரல் இருபதாம் திகதி. இத்தோடு அந்த விசாரணையில் எனக்குத் தந்த கடதாசியை வைத்திருக்கிறேன், பிரதி இல்லை, அசல். சிங்களத்தில் இருக்கிறது, கடைசி வரியில் சட்டத்துக்குட்பட்டே வெடி வைக்கப்பட்டது, எவரிலும் குற்றமில்லை என்று எழுதிச் சீல் குத்தியிருக்கிறார்கள். பதினெட்டு வருசம் என் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் கிடந்தது, இனி உன் பற்றுச்சீட்டோடு நீ வைத்துக்கொள். அது கிடந்த இடத்தில் தங்கரத்தினத்தின் சரக்குப் பொட்டலத்தை வைத்திருக்கிறேன், நீ எழுதும் வரைக்கும் அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு
உன் வாப்பா
மீ. ஆதம்லெவ்வை