கண் காட்டப் போனதாகச் சொன்ன பயணம்

என் அருமை அக்காவுக்கு,

உரும்பிராய் வீட்டின் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் தெல்லிப்பழையிலிருந்து பஸ் பிடித்து வந்து கூட்டிவிட்டுப் போகிறேன். உங்கள் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடுகிறேன். பின்வளவு மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. இதெல்லாம் நான் சொல்ல வந்த செய்தி இல்லை. சொல்ல வேண்டியதற்கு வாய் வராதபோது ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருப்பது என் பழைய குணம் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

போன வருடம் நாங்கள் கொழும்புக்குப் போகவில்லை, அக்கா. என் கணவரின் கண்ணை யாரிடமும் காட்டவில்லை. வியட்நாமுக்குப் போனோம். டானாங் என்ற நகரத்தில் நெருப்புக் கக்கும் டிராகன் பாலத்தைப் பார்த்து, பக்கத்து இரவுச் சந்தையில் கணவாய் வாங்கித் தின்று, சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணத்தை யார்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? போய் இறங்கிப் படம் அனுப்பிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியவரும். முந்திச் சொன்னால் நாவூறு பட்டுவிடும், விசா நின்றுவிடும் என்று பயம். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போய் வேதம் வாசிக்கிற குடும்பம் நாங்கள். நாவூறு கீவூறு எல்லாம் நம்புவதில்லை என்று வெளியில் சொல்வோம். உள்ளுக்குள் எல்லாரையும் போலத்தான்.

அதிலும் உங்கள் பெயர் தனியே கெட்டுப்போயிருந்தது. 'எல்லாம் சரிவரும்' என்று நீங்கள் வாழ்த்தி அனுப்பிய சின்ன மாமாவின் மகனுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தை வேலியால் எட்டிப் பார்த்து நல்ல விளைச்சல் என்றீர்கள். அடுத்த கிழமை மழை வந்து அழுக வைத்துவிட்டது. அன்றிலிருந்து உங்களைக் கரிநாக்கு என்று பகிடி பண்ணத் தொடங்கினோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். சிரித்தபடியால் நோகவில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்து ஒழுங்குகாரர் ஒருவர் இருபது பேரைச் சேர்த்து வியட்நாம் கூட்டிக்கொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் பெயர் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "இஞ்சை பாரும் ரஞ்சி, மச்சாளுக்கு மட்டும் மூச்சு விட்டுடாதையும். அவா வாய் வைச்சா பிளேன் எழும்பாது."

நான் சிரித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஓர் இடம் மிச்சம் இருக்கிறது, எங்கள் வீட்டில் வேறு யாராவது வருவார்களா என்று அந்த ஒழுங்குகாரர் கேட்டார். தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து எல்லா நாட்டு முத்திரையையும் பார்த்தவர் நீங்கள். ஓய்வு பெற்ற கையோடு கடவுச்சீட்டும் எடுத்து வைத்தீர்கள். "எங்கையாவது போறதெண்டால் என்னையும் சேருங்கோவன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? நான் அவரிடம் ஒருவரும் இல்லை என்று சொன்னேன். நீங்கள் மெதுவாக நடப்பீர்கள், எங்களால் நின்று நின்று போக முடியாது என்று மனதுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் உங்களிடம் வந்து, இவருக்குக் கண் மங்கலாக இருக்கிறது, கொழும்பில் காட்டப் போகிறோம், ஒரு கிழமை நிற்போம் என்றேன். நீங்கள் பதறிப்போனீர்கள். "ஐயோ, கண் விளையாட்டில்லையடி. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை மன்றாட்டுக்குக் குடுக்கிறன்" என்றீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பீர்களே! பேசாமல் வந்துவிட்டேன்.

டானாங் நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். நான் சொல்லாமல் உங்களுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்? நகரத்துக்கு நடுவே ஹான் ஆறு. அதற்கு மேலே பாலத்தின் நீளத்துக்கு மஞ்சள் இரும்பில் ஒரு டிராகன் வளைந்து நெளிந்து கிடக்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பாலத்தில் வாகனங்களை மறித்துவிட்டார்கள். கரை முழுக்கச் சனம், நல்லூர்த் தேர் அன்று போல. திடீரென்று அதன் வாயிலிருந்து நெருப்புப் பிழம்பு பிழம்பாக வந்தது. முகத்தில் சூடு அடித்தது. நெருப்பு முடிந்ததும் அதே வாயால் தண்ணீரைப் பீச்சியது. கிட்ட நின்ற நாங்கள் தொப்பலாக நனைந்தோம். எங்களோடு வந்த யமுனா என்ற பிள்ளை அந்த நேரம் பார்த்து எங்களைப் படம் பிடித்தாள். என் கையில் தேங்காய் ஐஸ்கிறீம். இவர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து டிராகனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பாலத்தை விட்டு இறங்கினால் இரவுச் சந்தை. கணவாயையும் மட்டியையும் கண்முன்னே கரியில் வாட்டித் தருகிறார்கள். மிளகாய்த்தூள் இல்லாமல் என்ன சாப்பாடு என்று நினைத்தேன். வாயில் வைத்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது. நீங்கள் என்றால் கடைக்காரியை மறித்து என்ன போட்டாய், எவ்வளவு நேரம் வாட்டினாய் என்று கையாலேயே கேட்டு முடித்திருப்பீர்கள். அந்த நினைப்பு வந்ததும் மிச்சத்தை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு கடையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பட்டுச் சால்வை தொங்கியது. உங்கள் வெள்ளைச் சேலைக்கு மேல் எப்படி இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தேன். இவர் காதுக்குள், "எங்கை வாங்கினதெண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?" என்றார். திரும்பக் கொளுவிவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பும்போது கொழும்பில் இறங்கி உங்களுக்குக் கறுப்புத் திராட்சைப் பழம் வாங்கினோம், பொய்க்குச் சாட்சியாக. உங்கள் வாசலில் இறங்குமுன் இவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது.

"கண் எப்பிடி, தம்பி?" என்று கேட்டீர்கள்.

"இப்ப வடிவாத் தெரியுது மச்சாள்."

"தெரிஞ்சால் நல்லது" என்றீர்கள். அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். பிறகு பழத்தைக் கழுவித் தட்டில் வைத்து எங்களுக்கே முதலில் நீட்டினீர்கள்.

நாலைந்து மாதம் போன பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "ஏனக்கா இப்ப கோயிலிலை வேதம் வாசிக்கிறேல்லையாம்?" எங்கள் சபை தெல்லிப்பழையில்; உரும்பிராய்ச் சபையில் இருபது வருடமாக ஞாயிறுதோறும் வாசித்த குரல் உங்களுடையது. "எழுத்துத் தெரியேல்லையடி, கண் மங்கிப்போச்சு" என்றீர்கள். "அப்ப நீங்களும் கொழும்பிலை போய்க் காட்டுங்கோ" என்று நான் பகிடி விட்டேன். நீங்கள் ஓம் என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாரி தொடங்குமுன் நெஞ்சு நோவென்று தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு வந்தீர்கள். இரண்டு நாள் பக்கத்தில் இருந்தேன். சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். சுகமான பிறகு சொல்லிச் சிரிப்போம் என்று தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் செபக்கூட்டம் முடிந்து, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது எமிலியக்கா வந்தார். தேவாலயத்தில் எப்போதும் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பாரே, அவர்தான். "எல்லாத்திலையும் நல்ல மனுசி. அந்த ஒரு பொய்தான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை" என்றார்.

என்ன பொய் என்று கேட்டேன்.

"நீங்கள் வெளிநாடு போனதை மறைச்ச பொய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கமுந்தி, ஆரோ போட்ட படமெண்டு நான்தான் போனைக் காட்டினனான். உவை கண் காட்டவெல்லோ போனவை, உதென்ன நெருப்பெண்டு கேட்டன். கன நேரம் பாத்துக்கொண்டிருந்தவா. பிறகு சொன்னவா, 'எனக்குத் தெரியும் எமிலி. எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவை. நாவூறு படுமெண்டு நான்தான் கண் எண்டு கதை கட்டினனான்' எண்டு. மன்றாட்டுத் துண்டு அதுக்கு முந்தியே போதகர் ஐயாட்டைப் போயிட்டுது. அவர் அதை வாசிக்கேக்கை பின்னாலை படத்தைப் பாத்த கொஞ்சப் பேர் சிரிச்சவை."

என் கையில் இருந்த கோப்பையை வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

"பொய் சொல்லிச் சபையைச் செபம் பண்ண வைச்சவா எண்டு பெண்கள் சங்கத்திலை பெரிய கதை. தானே எழும்பி நிண்டு, என்ரை பிழை, மன்னியுங்கோ எண்டவா. அதுக்குப் பிறகு வாசிக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்லை."

அக்கா, அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? ஐஸ்கிறீமோடு நின்ற என்னைப் பார்த்து என்ன நினைத்தீர்கள்? தங்கச்சி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்வதைவிட, நான்தான் ஊரை ஏமாற்றினேன் என்று சொல்வது உங்களுக்கு அவ்வளவு லேசாக இருந்ததா? கறுப்புக் கண்ணாடியோடு வந்த மனிசனிடம் சுகம் விசாரித்தபோது உங்கள் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்? ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே. காலில் விழுந்திருப்பேன்.

ஒன்றையும் கேட்காமல் போய்விட்டீர்கள். என்னைக் காப்பாற்றியது போலவும் இருக்கிறது, தண்டித்தது போலவும் இருக்கிறது. நீங்கள் தண்டிக்கிற ஆள் இல்லை. அதுதான் கூட நோகிறது.

போதகரிடம் போனேன். வருகிற ஞாயிறு உரும்பிராய்ச் சபையில் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். என்னத்துக்கு என்றார். "பொய் சொன்னது ஆரெண்டு சொல்ல" என்றேன். தந்திருக்கிறார். இவருக்கு விருப்பமில்லை. "செத்த மனுசிக்கு இனி என்ன? உயிரோடை இருக்கிற எங்களைத்தான் சனம் சிரிக்கும்" என்கிறார். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இந்தக் கடிதத்தையே அங்கே வாசிக்கிறேன், அக்கா. பயணத்தையும், நான் இல்லை என்று சொன்ன அந்த ஓர் இடத்தையும், ஒன்றையும் மறைக்காமல் வாசிக்கிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு பொய் சொன்னீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னீர்கள். நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று அவர்களிடம் சொல்வேன். உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை, உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் எழுந்து நின்று கேட்பேன். நிச்சயமாகக் கேட்பேன்.

உங்கள் கூடப் பிறந்த,
உங்களைக் கூட்டிப் போகாத தங்கச்சி,
ரஞ்சி