தொண்டையில் சிக்காத கிழங்கு

மாப்ள,

இன்றைக்கு வீட்டில் குச்சிக்கிழங்கு வேகிறது. நீ போன பிறகு இந்த அடுப்பில் கிழங்கு ஏறியதே இல்லை. காட்டில் விளைவதையெல்லாம் ஒன்று மீதி வைக்காமல் லாரியில் ஏற்றி மலைக்குக் கீழே ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பிவிடுவேன். காலையில் என் மனைவி கேட்காமலே பானையை ஏற்றிவிட்டாள். “வெளைய மட்டும் வெக்கலாம், வேக வெக்கக் கூடாதுங்களா? இன்னும் எத்தன நாளைக்குங்க இப்படி?” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து மிளகுக்கொடிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறேன். மாவும் மண்ணும் கலந்த அந்த வாசனை இங்கேயும் வருகிறது. எங்கே போய்த் தொலைவது?

முறைக்கு நீ எனக்கு மாப்பிள்ளை. வயதும் ஒன்று, பள்ளிக்கூடமும் ஒன்று. நான் அப்பாவின் காட்டோடு நின்றுவிட்டேன். நீ படித்துக் கால்நடை ஆய்வாளராகி, எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் நம் மலைக்கே, வாழவந்தி நாட்டுக்கே மாற்றலாகி வந்தாய். ஊர் உன்னை மாட்டு டாக்டர் என்று கும்பிட்டது. எனக்கு நீ வாய் ஓயாத ஆள், அவ்வளவுதான். உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனால் இறங்கும்வரை ஏதாவது ஓர் அதிசயத்தைக் காதில் ஊதிக்கொண்டே வருவாய். எலிக்குக் கழுத்தில் ஏழு எலும்பு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, மனுஷனுக்கும் ஏழு. “அதே ஏழு எலும்புதானடா மச்சான் உனக்கும். உன்ற கழுத்து மட்டும் ஏண்டா யாருக்கும் வளைய மாட்டேங்குது?” என்று கேட்டுவிட்டு நீயே சிரிப்பாய். எனக்குச் சுள்ளென்று வரும். அப்புறம் நானும் சிரிப்பேன்.

நீ சொன்னதில் நான் நம்பாததுதான் அதிகம். பிறந்த குழந்தைக்கு நம்மைவிட எலும்பு அதிகம் என்றாய், வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக் குறைந்துவிடுமாம். கண்ணின் கருவிழிக்கு மேலே இருக்கிற கண்ணாடிப் படலத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட ஓடாது, அது காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும் என்றாய். எங்கள் செவலை ரெட்டைக் கன்று போட்டபோது ஊரே வந்து பார்த்தது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. நான் தலைகால் புரியாமல் நின்றேன். நீ கிடாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது சினை புடிக்காதுடா மச்சான். காளைக்கன்னோட ஒண்ணா வயித்துல கெடந்துச்சுல்ல, ரெண்டு ரத்தமும் கலந்திருக்கும். அதுல இதுக்குக் கர்ப்பப்பை வளராமப் போயிருக்கும்” என்றாய். நல்ல நாளும் அதுவுமாக உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கத்தினேன். அந்தக் கிடாரி வளர்ந்து, காளைக்கு விட்டு, நீ சினை ஊசியும் போட்டு, கடைசிவரை சினை பிடிக்கவில்லை. நீ ஒருநாளும் ‘சொன்னேன் பார்த்தாயா’ என்று சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மைதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆயிற்று? அதைத்தான் இத்தனை நாளாக உன்னிடம் கேட்கிறேன்.

அந்த மாசி மாதம் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். நம் மலையில் அந்த மாதத்தில் மாடு வாயில் எச்சில் ஒழுக நின்றால் யாரும் இரண்டாவது யோசனை செய்வதில்லை. கொட்டி வைத்த குவியலில் வாய் வைத்திருக்கும், துண்டு தொண்டையில் சிக்கியிருக்கும். உடனே உனக்குப் போன் வரும். நீ வந்து வாய்க்குள் கையை விட்டு எடுத்துப் போடுவாய். எத்தனை மாட்டுக்கு எடுத்திருப்பாயோ. செவலை அன்று தீனியைத் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, கயிறு கயிறாக எச்சில் வழிந்தது. கத்தியபோது குரல் கரகரத்தது. தொண்டை அடைத்திருந்தால் அப்படித்தான் கத்தும் என்று நீ சொன்னாய். நான் கொம்பையும் தாடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சினை ஊசி போடும்போது தோள்வரை மாட்டிக்கொள்வாயே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை நீ போடவில்லை. உறை போட்டால் கடைவாய்ப் பல்லில் கிழிந்துவிடும், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது என்பாய். “மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கெடையாதுடா மச்சான். கடிச்சா என்ன கடிச்சுரும்?” என்றபடி முழங்கைவரை உள்ளே விட்டாய்.

ஒரு துண்டு வந்தது. அதுதான் கொடுமை. பாதி மென்ற கிழங்குத் துண்டு ஒன்று நிஜமாகவே உன் கையோடு வந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கடைவாய்ப் பல் உரசி உன் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாய். மறுநாள் செவலை செத்துப்போனது. உள்ளே காயம் பட்டு வீங்கி மூச்சடைத்திருக்கும் என்று நீ வருத்தப்பட்டாய். பலாமரத்தடியில் புதைத்தோம். வெறிநோய் வந்த மாட்டுக்குத் தொண்டை வேலை செய்யாது, மென்றது இறங்காமல் அங்கேயே நிற்கும் என்பது உனக்குத் தெரியும். யாருக்குத் தெரியாமல் இருந்தாலும் உனக்குத் தெரியும். ஆனால் மாசி மாதம், கிழங்குக் காடு, கையில் கிழங்குத் துண்டு. நம் மலையில் வேறு எதையும் நினைக்க அன்று ஒரு வழியும் இல்லை. காட்டோரம் மேய்ந்த மாட்டை எந்த நாய் எப்போது கடித்ததோ, பார்த்தவர் இல்லை.

அதன் பிறகு வந்த நாட்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நோய்க்கிருமி ரத்தத்தில் ஓடாது, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அப்போது ஏதோ கதை கேட்பது போலக் கேட்டேன். நாம் தேவனூர் நாட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோமே, அப்போது அது உன் கையில் இருந்தது. மிளகு காயப்போட வந்து என்னோடு சண்டை பிடித்தாயே, அப்போதும் இருந்தது. உன் மகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாயே, அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. எந்த நாள் போய் ஊசி போட்டிருந்தாலும் நீ பிழைத்திருக்கலாம். அவ்வளவு அவகாசம் கொடுத்துக் கொல்கிற நோய் வேறு உண்டா? ஊர் நாய்க்கெல்லாம் ஊசி போட்டவன் நீ. உனக்கு யாரும் போடவில்லை, நீயும் போட்டுக்கொள்ளவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலையில் வந்தாய். ஆறிப்போன மணிக்கட்டுக் காயத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாய். காய்ச்சல் மாதிரி இருக்கிறது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றாய். என் மனைவி காபி கொடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் உன் கழுத்து இழுத்துக்கொண்டது, டம்ளர் கீழே விழுந்தது. இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர் கேட்டாய். அதை வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். தண்ணீர் அசைந்தது, உன் தொண்டை மறுபடி இழுத்தது. அப்போது உன் முகத்தில் வந்ததை நான் எழுத மாட்டேன்.

“மச்சான், உன்ற மாட்டுக்குத் தொண்டையில கெழங்கு சிக்கவே இல்லடா” என்றாய்.

எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்கும் புரியவில்லை. நீ என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். கிழங்கு பிடுங்குகிற கை, எப்போதும் வெடித்துத்தான் கிடக்கும். “அன்னைக்கு நீதான தாடையைப் புடிச்ச? எச்சி பட்டிருக்கும். இன்னைக்கே போயி ஊசி போட்டுக்கடா. தீனி வெச்ச தங்கச்சியும் போடோணும். நாளைக்குன்னு சொல்லாத, இன்னைக்கே” என்றாய். “உனக்கு? உனக்கு?” என்று நான் கத்தினேன். “எனக்கு இனி ஆவாதுடா” என்று சொல்லிவிட்டுப் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாய்.

காரில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். ஜன்னல் வழியாகக் காற்றுப் பட்டதும் உன் உடம்பெல்லாம் துள்ளியது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வேர்க்க வேர்க்கப் போனோம். நினைவு தெளிவாக இருந்த இடைவெளிகளில் நீ பேசினாய். அந்தக் கிருமி எச்சிலில்தான் இன்னோர் உடம்புக்குத் தாவ வேண்டுமாம், அதனால்தான் அதை விழுங்க விடாதாம். “கெட்டிக்காரச் சனியன்டா மச்சான்” என்றாய். சாகப்போகிற நேரத்திலும் உனக்கு அதை வியக்கத் தோன்றியது. எனக்கு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் உன்னை அறையவேண்டும் போலவும் இருந்தது. நீ என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தாய்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உன்னை இருட்டறை ஒன்றில் வைத்தார்கள். மனுஷ மூளையைத் தொட்டாலும் வெட்டினாலும் அதற்கு வலி தெரியாது, வலியை அறிகிற நரம்பு அதற்குள்ளேயே கிடையாது என்று நீ ஒருமுறை சொன்னாய். அன்று அதை நம்பினேன். கம்பிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்த பிறகு நம்பவில்லை. எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் சரி, நம்ப மாட்டேன். உன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அவரு எல்லாருக்கும் பாத்தாரே அண்ணா, அவரை யாருமே பாக்கலீங்களே” என்றாள். உன் உடம்பைத் துணியில் சுற்றித் தைத்துப் பொட்டலம் மாதிரித்தான் தந்தார்கள். குளிப்பாட்டக்கூட விடவில்லை.

உன் காரியம் முடிவதற்குள்ளேயே எனக்கும் என் மனைவிக்கும் ஊசிகள் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் சட்டைக் கையை மடித்துவிடும்போது நீ பிடித்துப் பார்த்த கை ஞாபகத்துக்கு வரும். எல்லாம் போட்டு முடித்தேன். பிழைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததில்லை, மாப்ள. ஊரில் யாராவது “நல்ல நேரம், நீ தப்பிச்ச” என்றால் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

போன வாரம் சந்தையில் ஒரு நாய் என் காலைக் கவ்விவிட்டது. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைக்குக் கீழேயிருந்து புதிதாக வந்திருக்கிற நர்ஸம்மா, முன்பு ஊசி போட்டிருக்கிறேனா என்று கேட்டார். சொன்னேன். “முழுசாப் போட்டிருக்கீங்கன்னா இப்ப ரெண்டு ஊசி போதுமுங்க. மத்தவங்களுக்குக் கடிவாயைச் சுத்திப் போடற மருந்துகூட உங்களுக்கு வேண்டாமுங்க” என்றார். அது என்ன மருந்து என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ, எதையும் துருவித் தெரிந்துகொள்கிற உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. குதிரைக்கு இந்த ஊசியைப் போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது ஒரு வகையாம். “மனுஷங்க ரத்தத்துலயிருந்தும் எடுப்பாங்க. ஊசி போட்டவங்க ரத்தத்துல அந்த நோயை எதுக்கற சத்து ஊறியிருக்குமுங்க. அதைப் பிரிச்சுத்தான் மருந்தாக்கறாங்க. உங்க ரத்தத்துலயும் இருக்குமுங்க” என்றார்.

“காயம் பட்ட அன்னைக்கே அதையும் ஊசியையும் போட்டிருந்தா, ஆளு பொழைச்சிருக்குமுங்களா?”

“பொழைச்சிருக்குமுங்க. யாருக்குங்க கேக்கறீங்க?”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து என் ரத்தத்தில் ஓடுகிறது, மாப்ள. அன்று நாம் ஒரே மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது என்னிடம் இல்லை. நீ செத்துப்போனதால்தான் அது எனக்குள் வந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?